பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

"மாமா, ஆர்-ஃபைவ் மாதிரி ஒண்ணு வாங்கணும். எதை எடுக்கலாம்?"

போன மாதம் அக்கா மகன் இப்படிக் கேட்டான். அவன் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் குடியிருக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னறையில் என் அக்கா. நான் டொங்காட் பக்கம் வார இறுதிகளில் சுடுதளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். வீட்டில் துப்பாக்கிப் பேச்சு வந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். பதிலை அன்று மேசையில் உட்கார்ந்தபடியே சொல்லி முடிக்க முடியவில்லை. மூன்று வாரம் அவனோடு பேசியதையும், சுடவைத்துப் பார்த்ததையும் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

அவன் ஏன் அந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொன்னான் என்பது எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் வளர்ந்த எவனுக்கும் ஆர்-ஃபைவ் கண்ணுக்குப் பழகிய பொருள். போலீஸ்காரர் தோளில் பார்த்தோம், பணவண்டிக் காவலர் கையில் அதன் தம்பியைப் பார்த்தோம். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, பாலும் ரொட்டியும் கிடைக்காமல், போலீஸ் வராமல் போன அந்த இரவுகளில், தெருமுனையில் விறகுக்கட்டையோடு நின்றவர்களில் அவனும் ஒருவன். ஆடி பிறக்கப் போகிற நேரம். கூழுக்கு வாங்கி வைத்த மாவைத்தான் அந்த வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டார்கள். "கையில ஒண்ணும் இல்லாம நின்னேன் மாமா" என்றான். அந்தச் சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதே வாரத்தில் நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பதையும், பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 உயிர் போனது என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதையும் மறக்க மாட்டேன். வழியில் வந்தவன் திருடனா, வேலைக்குப் போகிறவனா என்று பார்க்காமல் சுட்டவர்களும் நம் தெருக்களில்தான் இருந்தார்கள். துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் ஆர்-ஃபைவ் என்பது என்ன என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்கப் படைகளிடம் முன்பு இருந்தது ஆர்-ஒன். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிளை இங்கேயே செய்தது. 7.62 மில்லிமீட்டர் தோட்டா, நீளமும் கனமும் அதிகம். 1980-ல் அதன் இடத்துக்கு ஆர்-ஃபோர் வந்தது. இஸ்ரேலின் கலீல் ரைபிளை அடியொற்றி லிட்டல்டன் ஆலையில் செய்யப்பட்டது. கலீலுக்கு மூலம் பின்லாந்தின் ரைபிள், அதற்கும் மூலம் கலாஷ்னிகோவ். ஆகவே உள்ளே இருக்கிற எந்திரம் ரஷ்யக் குடும்பம், சுடுகிற தோட்டாவோ மேற்கத்திய 5.56. நம் வெயிலில் இரும்புக் கட்டையைக் கன்னத்தில் வைக்க முடியாதென்று தோள்கட்டையைப் பாலிமரில் மாற்றினார்கள். இங்குள்ள சிப்பாய்களின் உடல்வாகுக்கு அதைக் கொஞ்சம் நீட்டவும் செய்தார்கள்.

ஆர்-ஃபோரின் குழல் 460 மில்லிமீட்டர். அதை 332-க்கு வெட்டினால் ஆர்-ஃபைவ். இன்னும் வெட்டி 280-க்குக் கொண்டுபோனால் ஆர்-சிக்ஸ். எடை நாலே கால் கிலோவுக்குச் சற்று மேலிருந்து மூன்றே முக்கால் கிலோ அளவுக்கு இறங்குகிறது. கவச வண்டிக்குள் ஏறி இறங்குகிறவனுக்கும், வண்டி ஓட்டுகிறவனுக்கும், கதவு இடுக்கில் திரும்புகிறவனுக்கும் இந்தக் குறைப்பு பெரிய விஷயம். கார்பைன் என்ற சொல்லே குதிரைப்படைக்காரன் சேணத்தில் தொங்கவிட்ட குட்டை ரைபிளிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் செய்த எம்-ஒன் கார்பைனும் அதே தேவைக்குத்தான் பிறந்தது. லாரி ஓட்டுபவனுக்கும் பீரங்கி இயக்குபவனுக்கும் நாலு கிலோ ரைபிள் பாரம், பிஸ்டல் போதாது. நடுவே இரண்டரை கிலோவில் ஒன்றைக் கொடுத்தார்கள். 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

குழலைக் குறைத்தால் இழப்பு என்ன? ஆர்-ஃபோரின் தோட்டா நொடிக்கு 980 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், ஆர்-ஃபைவில் 920 அளவு, ஆர்-சிக்ஸில் 825 அளவு. 5.56 சின்னத் தோட்டா. குண்டு நாலு கிராம் அளவுதான். அதன் பலமெல்லாம் வேகத்தில் இருக்கிறது. வேகத்தை வெட்டினால் பலத்தை வெட்டுகிறோம். அத்தோடு குழலுக்குள் எரிந்து முடிய வேண்டிய வெடிமருந்து வெளியே வந்து எரிகிறது. இருட்டில் கண் கூசும் தீப்பிழம்பு, காதைக் கிழிக்கும் சத்தம். திறந்த வெளியிலேயே 160 டெசிபலைத் தாண்டுகிற சத்தத்தை எட்டுக்குப் பத்தடி அறைக்குள் காதுமூடி இல்லாமல் வெடித்தால், அந்தக் காது முழுமையாகத் திரும்பி வராது. சிப்பாய்க்கு இந்த நட்டங்களெல்லாம் கணக்கில் எடுத்த நட்டங்கள். வண்டிக்குள் அடங்குவதும், பத்துப்பேர் கூட நிற்பதும், காதுமூடி, தலைக்கவசம் இருப்பதும் அவன் பக்கம். என் மருமகன் பக்கம் இருப்பது பிஜாமாவும் இரண்டு குழந்தைகளும்.

இனி, குடிமக்களுக்கு விற்கிற இரட்டை. ஆர்-ஃபோர், ஆர்-ஃபைவ், ஆர்-சிக்ஸ் மூன்றுக்கும் எல்.எம்.-4, எல்.எம்.-5, எல்.எம்.-6 என்று செமி ஆட்டோமேட்டிக் வடிவங்கள் உண்டு. பணவண்டிக் காவலர் கையில் பார்த்த தம்பி என்று சொன்னது இதைத்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ராணுவத் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பிடித்தால் மேகசின் தீரும்வரை பொழியும். இரட்டையில் ஒரு அழுத்தத்துக்கு ஒரு தோட்டா. விசைப்பகுதிக்குள் இருக்கிற சில உறுப்புகளின் வேறுபாடு அது. சட்டத்தின் கண்ணிலோ இரண்டும் வேறு வேறு சாதி. முழுத் தானியங்கி, சாதாரணக் குடிமகனுக்கு முற்றிலும் தடை.

பொழிய முடியாதது குறையா என்று அவன் கேட்டான். குறையே இல்லை. நல்ல பயிற்சி பெற்ற படைகளும் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் சுடுகின்றன. பொழிந்தால் மூன்றாவது தோட்டா எங்கே போகிறது என்று தெரியாது. குடிமகன் சுடுகிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீதிமன்றத்தில் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் ராணுவத்தின் எம்-ஃபோர் கார்பைன் 1994-ல் ஏற்கப்பட்டது. குழல் பதினாலரை அங்குலம், அதாவது 368 மில்லிமீட்டர். கடையில் விற்கிற அதன் இரட்டையான ஏ.ஆர்.-15-ன் குழல் பெரும்பாலும் 16 அங்குலம். அந்த ஒன்றரை அங்குலத்துக்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. 16-க்குக் குறைந்த ரைபிள் குழலுக்கு அங்கே தனிப் பதிவும் வரியும் என்று சட்டம் கோடு போட்டது, கம்பெனிகள் அந்தக் கோட்டை ஒட்டி அளந்து வெட்டின. ஜெர்மனியின் எம்.பி.-5 என்ற ஒன்பது மில்லிமீட்டர் குட்டைத் துப்பாக்கிக்கும் இதே கதி. மூலத்தின் குழல் 225 மில்லிமீட்டர்தான். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த எச்.கே.-94-க்குப் பதினாறரை அங்குலக் குழலைப் பொருத்தினார்கள். பார்ப்பதற்கு விகாரமாக இருக்கும், சுடுவதற்கு இனிமையாக இருக்கும். இங்கே நம் கடைகளுக்கு வந்து சேர்கிற பல மாதிரிகளின் நீளம் இப்படி இன்னொரு நாட்டுச் சட்டத்தால் முடிவானது. வாங்குகிறவனுக்கு அதில் ஒரு நல்லதும் உண்டு. நீண்ட குழலில் தோட்டா தன் வேகத்தை மீட்டுக்கொள்கிறது, சத்தமும் கொஞ்சம் அடங்குகிறது. குட்டையான எல்.எம்.-6-க்கும் 16 அங்குல ஏ.ஆர்.-க்கும் நடுவே தேர்வு என்றால், நான் யோசிக்காமல் நீளமானதைத்தான் எடுப்பேன்.

எல்.எம்.-5, ஏ.ஆர்.-15 இரண்டில் எது என்ற வாக்குவாதம் எங்கள் சுடுதளத்தில் ஓயாது. கலீல் குடும்பத்துக்கு மண், தூசி, அழுக்கு எதுவும் பொருட்டில்லை. கனமான பிஸ்டன் அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏ.ஆர். அரை கிலோவுக்கு மேல் இலகு. குறிநோக்கியை மேலே பொருத்துவது சுலபம். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். கலீலின் மேல்மூடி அசைகிற தகடு, அதன்மேல் குறிநோக்கி வைத்தால் நிலைக்காது, வேறு ஏற்பாடு வேண்டும். போட்டிக்குப் போகிறவனுக்கு ஏ.ஆர்., சந்தேகமே இல்லை. எல்.எம்.-5-ஐ விரும்புகிறவர்களில் பாதிப்பேர் இளமையில் தோளில் சுமந்த நினைவுக்காக விரும்புகிறார்கள். அதில் தவறு சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன், இது கடைகளில் விட்டுப்போகிற விஷயம். குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள். வெளியளவு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அறையின் வெட்டு வேறு, அழுத்தம் எல்லை மீறலாம். 5.56 என்று பொறித்ததில் இரண்டையும் சுடலாம்.

இத்தனை பேசியும் அவனுடைய கேள்விக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் இந்த நாட்டில் முதலில் எடுக்க வேண்டிய முடிவு எந்தத் துப்பாக்கி என்பதல்ல, சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதுதான்.

2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சட்டம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2004 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. தற்காப்புக்கு என்று கேட்டால் 13-ஆம் பிரிவு. அதில் கிடைப்பது பிஸ்டலோ ரிவால்வரோ, அல்லது செமி ஆட்டோமேட்டிக் அல்லாத ஷாட்கன்னோ, ஒன்றே ஒன்று. ஐந்து ஆண்டு உரிமம். கார்பைன் அதில் வராது. செமி ஆட்டோமேட்டிக் ரைபிளைத் தற்காப்புக்கு என்று கேட்க 14-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் 13-ஆம் பிரிவுத் துப்பாக்கி என் உயிரைக் காக்கப் போதாது என்று காரணங்களோடு நிறுவ வேண்டும், உரிமமும் இரண்டு ஆண்டுதான். 'எங்கள் பகுதியில் குற்றம் அதிகம்' என்று எழுதினால் போதாது, அப்படி எழுதாதவர் இந்த நாட்டில் யார்? 15-ஆம் பிரிவு எப்போதாவது வேட்டைக்கும் விளையாட்டுக்கும் போகிறவருக்கு. அதிலும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு இடமில்லை.

எஞ்சுவது 16. 'டெடிகேட்டட்' என்று நாம் சொல்கிற பிரிவு. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஒன்றில் சேர்ந்து, அவர்கள் கேட்கிற பயிற்சியையும் தேர்வையும் முடித்து, இவர் உண்மையாகவே விளையாட்டுக்காரர் அல்லது வேட்டைக்காரர் என்று சங்கத் தலைவர் உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் போட்டிகளுக்குப் போய் அந்தத் தகுதியைக் காப்பாற்ற வேண்டும். உரிமம் பத்து ஆண்டு. எல்.எம்.-5, ஏ.ஆர்.-15, ஒன்பது மில்லிமீட்டர் கார்பைன் எதுவானாலும் சாதாரணக் குடும்பஸ்தனுக்கு இதுதான் வாசல். வீட்டுக் காவலுக்கு வேண்டியதை விளையாட்டுக்கு என்று பொய் சொல்லி வாங்கி, ஒருமுறைகூடச் சுடுதளம் பக்கம் வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உரிமம் மட்டும் இருக்கிறது. இருட்டில் பாதுகாப்பு விசை எந்தப் பக்கம் என்று கை தேடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் தகுதிச் சான்றிதழ். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பிஸ்டலுக்கு எடுத்த தகுதி கார்பைனுக்குச் செல்லாது, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. பிறகு காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரி வந்து வீட்டையும் இரும்புப் பெட்டியையும் பார்ப்பார். விண்ணப்பம் பிரிட்டோரியா போய்த் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே பணம் கட்டிய துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில் உட்கார்ந்திருக்கும்.

உரிமம் கையில் வந்த அன்றே அது முடிகிற தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டு உரிமம் முடிந்துபோனால் உங்கள் துப்பாக்கியே சட்டவிரோதப் பொருள் ஆகிவிடும். 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் தாத்தாவின் இரட்டைக்குழல் ஷாட்கன்னை இப்படித்தான் இழந்தோம். கரும்புத் தோட்டக் காலத்துத் துப்பாக்கி, வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். புதிய சட்டத்தில் பதிவை மாற்ற வேண்டிய காலத்தில் அப்பா நோயாகப் படுத்திருந்தார், நாங்கள் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. கடைசியில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். குங்குமக் கறையோடு போயிற்று.

இன்னொன்று. 'ஒரிஜினல் ஆர்-ஃபைவ் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்' என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளோடு பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள். உரிமமில்லாமல் தானியங்கியோ செமி ஆட்டோமேட்டிக்கோ வைத்திருந்தால், முதல் தடவை அகப்பட்டவனுக்கே குறைந்தபட்சத் தண்டனை 15 ஆண்டு என்று வைத்திருக்கிறது சட்டம். அந்தத் துப்பாக்கி எந்தக் காவலரைக் கொன்று பறித்ததோ, அதுவும் உங்கள் தலையில் வரும்.

சரி, பிரிவுகள் புரிந்தன. இனி அவன் வீட்டுக்கு எது?

அவனைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டையே ஒருமுறை சுற்றிவந்தேன். பீனிக்ஸில் பலரும் இருக்கிற மாதிரி வீடுதான். ஒரு கூரையின்கீழ் இரண்டு குடும்பம், நடுவே பொதுச்சுவர். அந்தச் சுவர் உள்ளே பொந்துள்ள சிமென்ட் கட்டி. விரலை மடக்கித் தட்டினால் சில இடங்களில் டங் டங் என்று கேட்கிறது. கூரை கல்நார் ஓடு. கதவுகள் உள்ளே காலியான பலகை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் தூங்குகிறார்கள். "இந்த அறையில நின்னு எந்தத் திசையில சுட்டா யாரும் இருக்க மாட்டாங்க, சொல்லு" என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாடிப்படி அடியில மட்டும்தான் மாமா" என்றான்.

5.56 குழல்வாயில் ஏறக்குறைய 1,700 ஜூல் ஆற்றலோடு கிளம்புகிறது. ஒன்பது மில்லிமீட்டர் 500 ஜூல் சுற்றில். பலகைச் சுவர் உள்ள வீடுகளில் இலேசான 5.56 குண்டு சீக்கிரம் தடுமாறி உடைகிறது, கனமான ஒன்பது மில்லிமீட்டர் அமைதியாக அடுத்த அறைக்குப் போகிறது என்பார்கள். அது ஓரளவு சரி. ஆனால் அது அமெரிக்க வீடுகளுக்குச் செய்த கணக்கு. நம் வீட்டின் காலிப் பலகைக் கதவும் கண்ணாடியும் கல்நாரும் இரண்டையுமே நிறுத்தாது. பொந்துக் கட்டியையும் நம்ப மாட்டேன். ஆக எந்தத் தோட்டா சுவரைத் தாண்டாது என்று தேடுவதில் பயனில்லை. தவறாமல் குறியில் படுகிற தோட்டா எது, அதற்கான பயிற்சி யாரிடம் இருக்கிறது என்றுதான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்பது மில்லிமீட்டர் கார்பைனுக்கு நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செக் நாட்டு ஸ்கார்பியன் ஈவோ இங்கே நன்றாகத் தெரிந்த பெயர். ராணுவ வடிவம் ஏ-1, நிமிடத்துக்கு 1,150 தோட்டா வேகத்தில் பொழிவது. குடிமக்கள் வடிவம் எஸ்-1, ஒவ்வொன்றாகச் சுடுவது. அவனைச் சுடுதளத்துக்கு வரச்சொல்லி பிஸ்டலையும் இந்த ரகக் கார்பைனையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். 15 மீட்டரில் பிஸ்டலில் அவன் தோட்டாக்கள் தட்டு அகலத்துக்குச் சிதறின, கார்பைனில் உள்ளங்கைக்குள் அடங்கின. இரண்டு கையும் தோளும் சேர்ந்து பிடிக்கிறபோது நடுக்கம் பாதியாகிறது. உதைப்பு சின்னது, சத்தம் 5.56-ஐவிடக் குறைவு. பிஸ்டலில் நொடிக்கு 360 மீட்டர் அளவில் போகிற குண்டு 16 அங்குலக் குழலில் 400-ஐத் தொடும். தோட்டா விலையும் ரைபிள் தோட்டாவைவிட மலிவு. ஆகவே அடிக்கடி பயிற்சி எடுக்கக் கட்டுபடியாகிறது. ஸ்கார்பியனில் கனமான போல்ட் முன்னும் பின்னும் அடிக்கிற ஒரு குத்தல் தெரியும், விசையும் சற்றுக் கடினம். எம்.பி.-5 வழிவந்தவை உருளைப் பூட்டால் பட்டுப்போல் சுடும். 1980-ல் லண்டனில் ஈரான் தூதரகத்தை மீட்டவர்கள் கையில் இருந்ததும் அதுதான். ஆனால் அதன் விலை நம் கைக்கு எட்டாதது. ஸ்கார்பியனே போதும்.

குறை எங்கே? வாசல் அதே 16-ஆம் பிரிவு. கதவைத் திறக்க ஒரு கை, பிள்ளையைத் தூக்க ஒரு கை என்று வந்தால் கார்பைன் தோளில் தொங்கும் பாரம். வீட்டை விட்டுக் கடைக்கோ கோயிலுக்கோ போகிறபோது அது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். நெடுநாள் பூட்டிக் கிடக்கிற ரைபிளைத் தேடித் திருடவும் ஆள் இருக்கிறது.

பிஸ்டல்தான் இந்தக் கூட்டத்தில் சுடுவதற்குக் கடினமானது. இருந்தும் வீட்டுக்கு முதல் துப்பாக்கி என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். 13-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. சின்னப் பெட்டியில் அடங்கும், இருட்டில் ஒரு கையால் எடுக்கலாம், மறுகையில் விளக்கு பிடிக்கலாம், உடம்போடு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடினத்தைப் பயிற்சியால் வெல்ல வேண்டும், மாதம் ஒரு நூறு தோட்டாவாவது. பம்ப் ஷாட்கன்னும் அதே பிரிவில் கிடைக்கும், பலம் அதிகம். ஆனால் அவன் மனைவி தோளில் வைத்து ஒருமுறை சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தோட்டக்காரர்கள் சிலரும் இந்த ராணுவ இரட்டைகளைக் கேட்டு வருகிறார்கள். என் தம்பி இன்னும் டொங்காட்டுக்கு மேலே கரும்பு வைத்திருக்கிறான். இரவில் காட்டுப்பன்றி புகுந்தால் ஒரு துண்டு நிலத்தைப் படுக்கவைத்துவிட்டுப் போகும். அவனுக்கும் ஏ.ஆர். மேல் ஆசை வந்தது. வேண்டாம் என்றேன். 60, 70 கிலோ எடை, தடித்த தோல், உயிர்வலி தாங்கும் மிருகம். 5.56-ல் அடித்தால் காயத்தோடு கரும்புக்குள் ஓடி ஒளிந்துவிடும். பிறகு அதைத் தேடிப் போகிறவன் பாடு? ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்கிற .308 போல்ட் ஆக்ஷன் ரைபிள் வாங்கு, 3,500 ஜூல், ஒரே தோட்டாவில் வேலை முடியும், மிருகத்துக்கும் துன்பம் குறையும் என்றேன். ப்ளும்ஃபொன்டைனில் செய்த பழைய மஸ்கிரேவ் ரைபிள் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. 15-ஆம் பிரிவே போதும், சங்கச் சான்று தேவையில்லை. குழல்வாயில் சைலன்சர். இங்கே அதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை, நிறைய வேட்டைக்காரர்கள் காதைக் காக்க அதைப் பொருத்துகிறார்கள். வேட்டை விதிகளை மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்கினான். அவன் விஷயத்தில் ராணுவக் கார்பைனுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

மருமகனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன், அது துப்பாக்கி ஒப்பீட்டுக்குள் வராது என்று சிலர் நினைக்கலாம். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிகானாவில் போலீஸ் சுட்டதில் 34 சுரங்கத் தொழிலாளர்கள் செத்தார்கள். அங்கே பயன்பட்டவற்றில் ஆர்-ஃபைவ் முக்கியமானது. விசாரித்த ஃபார்லம் ஆணையம், கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் இப்படிப்பட்ட தானியங்கி ரைபிள் இருக்கக்கூடாது என்றது. பயிற்சி பெற்ற, சீருடை போட்ட போலீஸ் கையிலேயே கூட்டத்துக்கு நடுவே அந்தத் துப்பாக்கி என்ன செய்தது என்று நாடே பார்த்தது. தெருமுனையில், இருட்டில், பயத்தோடு நிற்கிற பத்து அயல்வீட்டுக்காரர்கள் கையில் அதன் இரட்டை இருந்திருந்தால் 36 என்ற எண் எவ்வளவாக ஆகியிருக்கும்? "நீ அன்னைக்கு விறகுக்கட்டையோட நின்னதுக்கு நான் மாரியம்மனுக்கு நன்றி சொல்றேன்டா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அக்கா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

2021 மே மாதம் அரசு வெளியிட்ட திருத்த வரைவு, தற்காப்பு என்பதை உரிமத்துக்குரிய காரணமாகவே ஏற்கக்கூடாது என்றது. அதை எதிர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போதும் அந்தக் கருத்தில்தான் இருக்கிறேன். பீனிக்ஸில் ஒரு பெண் இரவு இரண்டு மணிக்குப் போலீஸை அழைத்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தை அந்த வரைவை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று அவனிடம் நான் சொல்லாததற்கும் அதுதான் காரணம். ராணுவத்துக்காகச் செய்த தேர்வை உன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வராதே என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன்.

அவன் எடுத்த முடிவு இது. முதலில் 13-ஆம் பிரிவில் ஒரு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல். கைத்துப்பாக்கித் தகுதிக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டான். ஒரு வருடம் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளுக்கு வருவது. பிடித்திருந்தால் 16-ஆம் பிரிவில் ஒன்பது மில்லிமீட்டர் கார்பைன். பிஸ்டலும் கார்பைனும் ஒரே தோட்டா என்பதால் செலவு குறையும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் வைக்கக்கூடாது என்ற வரம்பும் டெடிகேட்டட் ஆனவருக்குத் தளரும். 5.56 பற்றி இப்போது அவன் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை போன் செய்தான். இரும்புப் பெட்டியை எஸ்.ஏ.பி.எஸ். என்ற தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை பார்த்து வாங்கிவிட்டானாம். பொதுச்சுவரில் பொருத்தத் துளை போட்டால் கட்டி பொடியாக உதிர்கிறதாம், போல்ட் பிடிக்கவில்லையாம். எத்தனை மில்லிமீட்டர் போல்ட் போடலாம் என்று கேட்டான். சுவரை விட்டுவிடு, மாடிப்படி அடியில் தரைக் கான்கிரீட்டில் 12 மில்லிமீட்டர் விரி-போல்ட் நாலு போடு, நான் ஞாயிற்றுக்கிழமை துளைக்கருவி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.